மையும் எழுத்தும் பாடமும்: தமிழ் அச்சின் பதிவுக் குறைகளை வரலாற்றுச் சான்றாக வாசித்தல்

1. முன்னுரை

தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் பிழை என்னும் சொல் பெரும்பாலும் இரு பொருளில் வழங்கி வந்துள்ளது. ஏடு எழுதியோர் செய்த பிழை ஒன்று. அச்சுக்கோப்போர் செய்த பிழை மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வகைப் பிழை ஒன்று உண்டு. சுவடியில் சரியாக இருந்து, அச்சுப்பலகையிலும் சரியாகக் கோக்கப்பட்டு, தாளில் மட்டும் சரியாக விழாத எழுத்தே அது. புள்ளி பதியாமை, எழுத்தின் வளைவு மையால் அடைபடுதல், கால் ஒடிதல், மறுபக்கத்து மை ஊடுருவித் தோன்றுதல் ஆகியன இவ்வகையின. இவற்றைப் பதிவுக் குறைகள் என இக்கட்டுரை குறிக்கிறது.

அச்சுக்கூடத்தாருக்குப் பதிவுக் குறை என்பது அன்றாடம் தீர்க்க வேண்டிய தொழிற்சிக்கல். மை மிகுந்தால் குறைத்தார்கள். எழுத்து ஒடிந்தால் மாற்றினார்கள். தாள் வறண்டிருந்தால் நனைத்தார்கள். வரலாற்று ஆய்வாளருக்கோ அதே குறை ஒரு சான்று. அந்நூல் எத்தகைய எழுத்தால், எத்தகைய மையால், எந்தச் சூழலில் அச்சாயிற்று என்பதை அது காட்டுகிறது. பாடத்தை உறுதி செய்யும் பதிப்பாசிரியருக்கு அது எச்சரிக்கையும் ஆகும். தாளில் காணப்படும் வடிவம் நூலாசிரியரின் பாடமா, பதிப்பாசிரியரின் பாடமா, மையின் விளைவா என்னும் வினாவுக்கு விடை காணாமல் பாடபேதம் எழுதுவது பொருந்தாது.

இவ்வினா இன்று முன்னினும் கடுமையாக எழுவதற்குக் காரணம் உண்டு. 1981ஆம் ஆண்டு மே 31 இரவில் தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஈழத்துப் பதிப்புகள் பல இன்று ஓரிரு படிகளாகவே எஞ்சியுள்ளன. அவற்றை ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருந்து ஆராய்வோர் பெரும்பாலும் மின்படிமங்களைக் கொண்டே வாசிக்கின்றனர். ஒரே படியின் ஒரே படிமம் மட்டுமே கிடைக்கும்போது, அப்படியில் நேர்ந்த மைக்குறை நூலின் பாடமாகவே நிலைபெற்றுவிடக் கூடும். ஆகவே பதிவுக் குறைகளின் மூலங்களை இனங்காணும் முறையை வகுத்து, தமிழ் அச்சின் சில காலக்கட்டங்களில் அதனைப் பொருத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

2. குறைகளின் நான்கு மூலங்கள்

ஈய எழுத்தைக் கொண்டு தாளில் பதிக்கும் அச்சில் நான்கு பொருள்கள் ஒன்றுகூடுகின்றன: எழுத்து, மை, தாள், அழுத்தம். பதிவுக் குறை ஒவ்வொன்றும் இவற்றுள் ஒன்றிலோ, இரண்டின் பொருத்தமின்மையிலோ தோன்றுகிறது.

எழுத்து ஈயம், வெள்ளீயம், அந்திமனி என்னும் மூன்றின் கலவையால் வார்க்கப்படுவது. ஈயம் எளிதில் உருகும்; ஆனால் மென்மையானது. அந்திமனி கடினம் தருவதோடு, உருகிய கலவை ஆறும்போது சுருங்காமல் வார்ப்பின் விளிம்பு கூர்மையாக அமையவும் உதவுகிறது. அந்திமனி குறைந்த எழுத்து விரைவில் தேயும். அதன் மெல்லிய கோடுகள் தடித்து மழுங்கும். மிகுந்த எழுத்து நொறுங்கும்.

கைப்பொறிக் காலத்து மை, ஆளிவிதை எண்ணெயைக் காய்ச்சிக் குழம்பாக்கி விளக்குக்கரி சேர்த்துச் செய்யப்பட்டது. எண்ணெய் போதிய அளவு காய்ச்சப்படாவிடின் அது கரியை விட்டுப் பிரிந்து தாளில் பரவும். பழைய நூல்களில் எழுத்தைச் சூழ்ந்து காணப்படும் பழுப்பு வளையம் இதன் அடையாளம். கரி குறைந்தால் எழுத்து சாம்பல் நிறமாகத் தோன்றும். இந்த மை நீர் ஆவியாவதுபோல் உலர்வதன்று. காற்றிலுள்ள உயிர்வளியோடு கூடி மெல்ல இறுகுவது. இறுகுமுன் தாள்களை அடுக்கினால் ஒரு தாளின் மை மற்றொரு தாளில் ஒட்டி, இடவலம் மாறிய மங்கலான எதிர்ப்பதிவை உண்டாக்கும்.

தொடக்ககாலத்தில் மையைத் தடவுவதற்குத் தோலால் போர்த்து உரோமம் அடைத்த மைப்பந்துகள் பயன்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவற்றின் இடத்தை உருளைகள் பிடித்தன. பசையையும் வெல்லப்பாகையும் கலந்து வார்த்த அவ்வுருளைகள் வெப்பத்தில் இளகும். ஈரக்காற்றில் நீரை உறிஞ்சி வழுக்கும். குளிரில் இறுகி மையைச் சமமாகத் தரா. ஐரோப்பிய அச்சுக்கூடங்களே கோடைக்கும் குளிர்காலத்துக்கும் வெவ்வேறு கலவையில் உருளை வார்த்தன. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் ஆண்டு முழுவதும் கோடைச் சிக்கலே எதிர்ப்பட்டிருக்கும் என்பது வெளிப்படை.

கந்தல் துணியிலிருந்து செய்த கைத்தாள் நனைத்த பின்னரே அச்சிடப்பட்டது. ஈரம் தாளை மென்மையாக்கி மையை ஏற்கச் செய்யும். ஈரம் குறைந்தால் எழுத்து திட்டுத்திட்டாக விழும்; மிகுந்தால் கோடுகள் பரவும். அழுத்தம் மிகுந்தால் மை எழுத்தின் விளிம்புக்கு வெளியே பிதுங்கும். குறைந்தால் பக்கத்தின் ஒரு பகுதி வெளிறும். அழுத்தும் நேரத்தில் தாள் சிறிது நகர்ந்தாலும் எழுத்து இரட்டையாகத் தோன்றும்.

3. மூலத்தைக் கண்டறியும் முறை

காணப்படும் குறை ஒன்றாயினும் காரணம் பலவாகலாம். ஆதலால் ஒரு படியை மட்டும் கண்டு மூலத்தைத் துணிய இயலாது. குறை எங்கெங்கு, எத்தனை படிகளில், எந்த எழுத்தில் மீள்கிறது என்பதே துணைசெய்யும்.

முதலாவது, ஒரு குறிப்பிட்ட எழுத்து நூல் முழுவதிலும், எங்கு வந்தாலும், ஒரே வகையில் குறையுற்றிருப்பின், குறை அதன் அச்சுவாயிலேயே உள்ளது. அந்த வாயில் வார்த்த எழுத்தனைத்தும் அதனைப் பெற்றிருக்கும். இரண்டாவது, ஒரே வகை ஒடிவு ஒரு பக்கத்தில் ஓரிடத்திலும், சில பக்கங்கள் கடந்து வேறோரிடத்திலும் ஒற்றையாகத் தோன்றின், அது தனி எழுத்துக் கட்டை ஒன்றின் ஒடிவு. ஒரு பாரம் அச்சாகி முடிந்தபின் எழுத்துகள் பிரிக்கப்பட்டு அறைகளில் இடப்பட்டு மீண்டும் கோக்கப்படுவதால் அக்கட்டை நூலுக்குள் இடம்பெயர்கிறது. அதன் பயணத்தைத் தொடர்ந்து சென்றால், பாரங்கள் எந்த வரிசையில் அச்சாயின என்பதையும் ஊகிக்கலாம்.

மூன்றாவது, ஒரு பக்கத்தின் ஒரு பகுதி முழுவதும் எழுத்து வேறுபாடின்றி அடைபட்டோ வெளிறியோ இருப்பின், அது மைத்தடவலையோ அழுத்தத்தையோ சார்ந்தது. அதே பதிப்பின் வேறு படிகளில் அப்பகுதி தெளிவாக இருக்க வாய்ப்புண்டு. நான்காவது, எல்லாப் படிகளிலும் முழுமையாகவும் தெளிவாகவும் விழுந்த எழுத்து பொருளால் மட்டும் பொருந்தாதிருப்பின், அதுவே அச்சுக்கோப்பு அல்லது மூலச்சுவடி சார்ந்த பிழை.

இவற்றோடு ஐந்தாவதாக ஒன்றையும் கருத வேண்டும். ஒட்டுந்தன்மை மிகுந்த மை, இறுக்கமாகப் பூட்டப்படாத எழுத்தை மைப்பந்தோடு பிடுங்கிவிடும். விழுந்த எழுத்தை அச்சடிப்பவர் மீண்டும் பொருத்தும்போது இடம் மாறலாம்; தலைகீழாகலாம்; வேறெழுத்தே புகுந்துவிடலாம். மெய்ப்புத் திருத்தியவர் கண்ட தாளில் இப்பிழை இல்லை. அச்சோட்டத்தின் முற்பாதியில் வெளிவந்த படிகள் சரியாகவும் பிற்பாதிப் படிகள் பிழையாகவும் அமையும். மெய்ப்புக்குப் பின் பிறக்கும் இப்பிழையை ஒரு படியை மட்டும் பார்த்து அறியவே இயலாது. ஒரே பதிப்பின் பல படிகளையும் ஒப்பிட வேண்டும் என்பதற்கு இதைவிட வலிய காரணம் வேறில்லை.

4. தமிழ் எழுத்தின் தனி இடர்கள்

மேற்கூறியவை எம்மொழி அச்சுக்கும் பொதுவானவை. தமிழ் எழுத்தின் அமைப்பு சில தனி இடர்களைத் தருகிறது. முதலாவது எண்ணிக்கை. உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளி பெற்ற மெய் 18, இகர ஈகார உகர ஊகாரம் ஏறிய உயிர்மெய் 72 ஆக 121 வடிவங்கள் தனித்தனியே வேண்டும். கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி ஆகிய நான்கும் சேர 125 ஆகும். 1978ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டரசின் எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முன் வழங்கிய பழைய ணா, றா, னா, ணை, லை, ளை, னை என்பவற்றின் கூட்டு வடிவங்கள் ஏழையும் கூட்டினால் 132. கிரந்தமும் எண்களும் நிறுத்தக்குறிகளும் இவற்றின் மேலன. இத்தனைக்கும் வாய் வெட்டி வார்ப்பது பெருஞ்செலவு. ஆதலால் தேய்ந்த எழுத்தை உடனுக்குடன் மாற்றாமல் நெடுங்காலம் பயன்படுத்துவது சிறு அச்சுக்கூடங்களுக்குத் தவிர்க்க முடியாததாயிற்று.

இரண்டாவது புள்ளி. அது எழுத்தின் தலைக்கு மேல் தனித்து நிற்பது. அருகே தாங்கும் கோடு இல்லை. தேய்வில் முதலில் மழுங்குவது அது. அழுத்தம் குறைந்தால் முதலில் மறைவதும் அதுவே. பெரும்பாலான இடங்களில் இழந்த புள்ளியை வாசகர் தாமே இட்டு வாசித்துவிடுவர். ஆயினும் மலர் என்பதும் மலர என்பதும் புள்ளி ஒன்றால் மட்டும் வேறுபடுகின்றன. முன்னது பெயராகவோ வினைத்தொகையின் முதலாகவோ நிற்கும். பின்னது செயவென் எச்சம். தொடரின் பொருள் முழுவதும் இதனால் மாறும். இதற்கு மறுதலையாக, தாளில் ஒட்டிய தூசியோ தெறித்த மையோ இல்லாத புள்ளியை உண்டாக்குவதும் நேரும்.

மூன்றாவது, காலும் ரகரமும். பல அச்செழுத்து வடிவங்களில் ரகரத்தை ஆகாரக் காலிலிருந்து பிரிப்பது அதன் அடியிலுள்ள சாய்ந்த வால் ஒன்றே. வால் ஒடிந்தால் பரவை பாவையாகும். கடலைக் குறிக்கும் சொல் பெண்ணையோ பொம்மையையோ குறிக்கும் சொல்லாக மாறிவிடுகிறது. இரண்டும் செய்யுளில் இயல்பாக வருவன என்பதால் பொருளைக் கொண்டு மட்டும் துணிவது எப்போதும் எளிதன்று. வெண்பாவாயின் யாப்பு கைகொடுக்கும். பரவை நிரைநேராகிய புளிமா. பாவை நேர்நேராகிய தேமா. முன்சீர் மாச்சீராயின் இயற்சீர் வெண்டளைக்கு வருஞ்சீர் நிரையில் தொடங்க வேண்டும். அங்கே பரவை பொருந்தும். முன்சீர் விளச்சீராயின் நேரில் தொடங்கும் பாவையே பொருந்தும். பல தளைகளும் விரவும் ஆசிரியப்பாவில் இத்துணை இவ்வளவு உறுதியாகக் கிட்டாது. அங்கே தாளிலுள்ள எழுத்தின் அடியை உருப்பெருக்கியால் காண்பதே வழி.

இவ்வாறே ஏகாரத்தின் கீழிறங்கும் கோடு பதியாவிடின் ஏரி எரியாகும்; யகரத்தின் நடுக்கோடு மங்கினால் யாழ் பாழாகும். ணகரமும் னகரமும் சுழிகளின் எண்ணிக்கையால் மட்டும் வேறுபடுவன. மை அடைத்த சிற்றெழுத்தில் இரண்டையும் பிரித்தறிவது அரிது. பழஞ்சுவடிகளில் எகர ஒகரக் குறில்நெடில் வேறுபாடும் புள்ளியும் காட்டப்படாமையால் எழுந்த ஐயங்கள் பதிப்பாசிரியர் நன்கறிந்தவை. அச்சு அந்த ஐயங்களைத் தீர்க்க வந்தது. ஆனால் குறையுற்ற அச்சு அவற்றுள் சிலவற்றை மீண்டும் புகுத்தியது.

5. கொல்லம், அம்பலக்காடு, தரங்கம்பாடி

1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சாகிய தம்பிரான் வணக்கம், அண்டிறிக்கி அடிகளாரின் மொழிபெயர்ப்பு. 16 பக்கங்கள் கொண்டது. அதன் ஒரே படி ஹார்வர்ட் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. அந்நூலையும் அதன் காலத்து அச்சு முயற்சிகளையும் தமிழாய்வுலகின் கவனத்துக்குக் கொணர்ந்தவர்களுள் தனிநாயகம் அடிகளார் முதன்மையானவர். இந்நூலின் இறுதிப்பக்கம் நம் பொருளுக்கு இன்றியமையாதது. 1577இல் கோவாவில் உருவாக்கிய எழுத்தும் 1578இல் கொல்லத்தில் உருவாக்கிய எழுத்தும் அங்கே மாதிரியாக அடுத்தடுத்து அச்சிடப்பட்டுள்ளன. ஓராண்டு இடைவெளியில் எழுத்து மீண்டும் செய்யப்பட்டதென்பதே, முதல் முயற்சி நிறைவு தரவில்லை என்பதைப் புலப்படுத்துகிறது. தமிழ் அச்சின் முதல் நூலே தன் எழுத்துத் திருத்தத்தைத் தன்னுள் பதிவு செய்துள்ளது.

அந்நூலில் மெய்யெழுத்துகள் சுவடி மரபையொட்டிப் புள்ளியின்றி நிற்கின்றன. இது பதிவுக் குறை அன்று, எழுத்து மரபு. இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது. புள்ளியே இல்லாத அச்சில் புள்ளியின்மை எதையும் உணர்த்தாது. புள்ளியுள்ள அச்சில் ஓரிடத்துப் புள்ளியின்மை வினாவை எழுப்பும். எனவே ஒரு நூலின் பதிவுக் குறையை மதிப்பிடுமுன் அந்நூலின் எழுத்துக்கட்டு எத்தகையது என்பதை வரையறுத்துக்கொள்ள வேண்டும்.

1679இல் அம்பலக்காட்டில் வெளிவந்த அந்தாம் தே புரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கேய அகராதி மரத்தில் செதுக்கிய எழுத்துகளால் அச்சாயிற்று. வத்திக்கான் நூலகப் படியைக் கொண்டு தனிநாயகம் அடிகளார் 1966இல் கோலாலம்பூரில் அதன் நிழற்படப் பதிப்பை வெளியிட்டார். மர எழுத்துக்கு வாய் இல்லை. ஒவ்வொன்றும் தனித்துச் செதுக்கப்பட்டது. ஆகவே முன்கூறிய முதல் விதி இங்கே செல்லாது. ஒரே எழுத்து இரண்டு இடங்களில் வேறு வடிவில் தோன்றுவது இங்கே இயல்பு. மரம் ஈரத்தில் பருத்து வெயிலில் பிளப்பதால் உயரமும் சமமாக நில்லாது. உயரம் குன்றிய கட்டை மங்கலாகவும் உயர்ந்த கட்டை கருமையாகவும் பதியும். ஒரே வரியில் அடுத்தடுத்த எழுத்துகள் கருமையில் வேறுபடுவதற்கு இதுவே காரணமாகலாம். மைத்தடவலின் குறையென உடனே கொள்ளலாகாது.

தரங்கம்பாடி அச்சகம் எழுத்து, தாள், மை மூன்றையும் ஒருசேர எதிர்கொண்டது. சீகன்பால்க்குக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. அவை அளவிற் பெரியன. தாளோ ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வர வேண்டியது. பெரிய எழுத்தால் வேதநூலை அச்சிட்டால் தாள் போதாது. ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈய மூடிகளை உருக்கி அவை செய்யப்பட்டன என்று அச்சு வரலாறுகள் கூறும். புதிய ஏற்பாட்டின் நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இல் பெரிய எழுத்திலும், எஞ்சியவை 1715இல் சிறிய எழுத்திலும் வெளிவந்தன. தாள் முட்டுப்பாட்டைத் தீர்க்கப் பொறையாற்றில் காகித ஆலை ஒன்றும் அமைக்கப்பட்டது.

ஒரே நூலின் இரு பகுதிகள் இரு அளவெழுத்தில் அமைந்த இந்நிகழ்ச்சி, பதிவுக் குறை ஆய்வுக்கு அரிய வாய்ப்பு. எழுத்தின் நீள அகலங்கள் பாதியானால் அதன் சுழியின் பரப்பு கால்பங்காகிறது. மையின் படலமோ அதே தடிப்பில் நிற்கிறது. விளிம்பைக் கடந்து பிதுங்கும் அளவும் குறைவதில்லை. எனவே பெரிய எழுத்தில் தீங்கு செய்யாத அதே மை சிற்றெழுத்தில் சுழியை அடைத்துவிடும். மூடி ஈயம் போன்ற கலப்புக் குறைந்த உலோகம் மென்மையானது என்பதையும் சேர்த்து எண்ணினால், 1715ஆம் ஆண்டுப் பகுதியில் அடைபட்ட சுழிகளையும் மழுங்கிய முனைகளையும் ஆய்வாளர் முதலில் தேட வேண்டும் என்பது பெறப்படும். தாளைச் சேமிக்கும் பொருட்டு எழுத்தைச் சிறிதாக்கிய முடிவு, மையின் மேல் புதியதொரு கட்டுப்பாட்டைச் சுமத்தியது. ஒரு குறையின் தீர்வு மற்றொரு குறையின் தோற்றுவாயாவது அச்சுத்தொழில் முழுவதிலும் காணும் இயல்பு.

6. சென்னையும் யாழ்ப்பாணமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இச்சிக்கலுக்கு நல்ல தீர்வு கண்டோருள் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்துப் பி. ஆர். ஹண்ட் குறிப்பிடத்தக்கவர். 1862இல் அவர் அச்சிட்ட வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதி 67,000க்கு மேற்பட்ட சொற்களை ஒரே தொகுதியில் அடக்கியது. சிற்றெழுத்து தெளிவாக வாசிக்கக் கூடியதாக அமையாவிடின் அத்தகைய நூல் தோன்றியிராது. சிற்றெழுத்து என்பது பெரிய எழுத்தைச் சுருக்கியது அன்று. சுழியை விரித்து, கோட்டைச் சமப்படுத்தி, மை தங்காதவாறு மீண்டும் வரைந்தது. பிற்காலத் தமிழ் எழுத்து வார்ப்பு அனைத்தும் இப்பாடத்தின் மேல் எழுந்தது.

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க இலங்கை மிஷனின் மானிப்பாய் அச்சகம் 1834இல் வந்த அச்சாளர் மைனரின் பொறுப்பில் வளர்ந்தது. 1841இல் உதயதாரகையும் 1842இல் மானிப்பாய் அகராதியும் அங்கிருந்து வெளிவந்தன. ஆறுமுக நாவலர் 1849இல் சென்னை சென்று அச்சுயந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். நாவலர் பதிப்புகள் பிழையின்மைக்குப் பெயர்பெற்றன. அப்புகழைப் புலமையின் பயனாக மட்டும் காண்பது வழக்கம். ஆனால் அவர் அச்சுக்கூடத்தைத் தம் பொறுப்பிலேயே வைத்திருந்தார் என்பதும் கருதத்தக்கது. மெய்ப்புத் திருத்துபவரும் அச்சுக்கூட உடைமையாளரும் ஒருவராகும்போது, தேய்ந்த எழுத்தை மாற்றுவதும் பழுதான தாளை விலக்குவதும் அவரது முடிவுக்கு உட்பட்டன. சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர் போன்றோர் பெரும்பாலும் பிறர் அச்சுக்கூடங்களைச் சார்ந்தே பதிப்பித்தனர். 1887இல் சீவக சிந்தாமணி அச்சானபோது கும்பகோணத்தில் ஆசிரியப் பணி ஆற்றிய ஐயர் சென்னையில் தங்கி மெய்ப்புத் திருத்திய செய்தியை அவர்தம் தன்வரலாறு கூறுகிறது. அத்துணை உழைப்பும் மெய்ப்புத் தாளின் மேல் செலுத்தப்பட்டது. அதன் பின் நிகழும் அச்சோட்டம் பதிப்பாசிரியரின் கண்ணுக்கு அப்பாற்பட்டது.

பழம்பதிப்புகளின் இறுதியிலோ முதலிலோ இணைக்கப்பட்ட பிழைதிருத்தப் பட்டியல்களை இந்நோக்கில் மீண்டும் வாசிக்க வேண்டும். பட்டியலில் காணும் பிழைகளுள் ஒரு பகுதி, மெய்ப்பில் விடுபட்ட கோப்புப் பிழை. மற்றொரு பகுதி, புள்ளி இழப்பு, கால் ஒடிவு முதலிய பதிவுக் குறை. பட்டியலைத் தொகுத்தவர் தம் கையிலிருந்த படியைக் கொண்டே தொகுத்தார். ஆதலால் பட்டியலில் பிழையெனக் காட்டப்பட்ட இடம் வேறொரு படியில் சரியாகவே இருத்தல் கூடும். அத்தகைய முரண் ஒன்று கிடைத்தால், அது பட்டியலின் தவறன்று. அச்சோட்டத்தின் நடுவே நிகழ்ந்த மாற்றத்துக்கு நேரடிச் சான்று.

7. ரொறன்ரோவிலிருந்து காணும்போது

இம்மாநகரின் அச்சு வரலாறும் எழுத்தின் இழப்பொன்றை நினைவில் கொண்டுள்ளது. ரொறன்ரோ அந்நாளில் யோர்க் எனப் பெயர் பெற்றிருந்தது. 1826 யூன் 8ஆம் நாள், வில்லியம் லயன் மெக்கென்சியின் அச்சுக்கூடத்துள் ஆளுந்தரப்பைச் சார்ந்த இளைஞர் புகுந்து, அச்சுப்பொறியைச் சிதைத்து, ஈய எழுத்துகளை ஏரியில் எறிந்தனர். நீதிமன்றம் 625 பவுண் இழப்பீடு விதித்தது. அவர் பின்னாளில் வாழ்ந்த பொண்ட் தெரு இல்லம் இன்று அருங்காட்சியகமாக உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சுக்கூடம் ஒன்று அங்கே அமைக்கப்பட்டுள்ளது. கைப்பொறியில் மை எவ்வாறு பரவுகிறது என்பதைத் தமிழ் மாணவர் நேரிற் காண இந்நகரில் வாய்ப்புண்டு என்பது குறிப்பிடத்தக்கது.

இந்நகரின் தட்பவெப்பம் ஒப்பீட்டுக்கு உதவுகிறது. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் ஈரக்காற்றும் வெப்பமும் மையையும் உருளையையும் இளக்கின. இங்கே குளிர்காலத்தில் வெப்பமூட்டிய கட்டடத்தினுள் காற்று மிக வறள்கிறது. தாள் ஈரத்தை இழந்து சுருங்கி வளைகிறது. நிலைமின்னேற்றத்தால் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. பல நிறங்கள் அடுத்தடுத்துப் பதியும்போது ஒன்றன்மேலொன்று பொருந்தாமல் விலகுகின்றன. கரிய எழுத்தை நான்கு நிற மையின் கலப்பாக அச்சிட்டால், இவ்விலகல் தமிழ் எழுத்தின் சுழிகளைச் சுற்றி நிறவளையமாகத் தோன்றும். யாழ்ப்பாணத்து எண்ணெய் வளையமும் ரொறன்ரோவின் நிறவளையமும் கண்ணுக்கு ஒத்தவை. மூலத்தால் முற்றிலும் வேறானவை.

1983க்குப் பின் பெருகிய ஈழத்தமிழர் குடியேற்றம் இந்நகரைத் தமிழ் இதழ்களின் நகராக்கியது. 1990இல் தொடங்கிய காலம் இதழ் முதலாகப் பல இதழ்களும் வாரப் பத்திரிகைகளும் இங்கே வெளிவந்தன. இக்கால அச்சு தட்டையான தகட்டில் நீரும் மையும் விலகி நிற்கும் இயல்பைக் கொண்டது. நீர் குறைந்தால் வெற்றிடத்தில் மை படிந்து பக்கம் முழுவதும் அழுக்கேறும். நீர் மிகுந்தால் எழுத்து வெளிறும். பத்திரிகைத் தாளில் மை உறிஞ்சப்படுவதன்றி முற்றாக இறுகுவதில்லை, கையில் ஒட்டும். எழுத்துகள் கணினியில் பாமினி முதலிய எழுத்துருக்களால் அமைந்தன. அவற்றில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்தின் குறியெண்களில் இருத்தப்பட்டிருந்தன. எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் தமிழ் மறைந்து பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தோன்றும். 1991இல் ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றும், அதனைப் பத்திரிகை அச்சு ஏற்க நெடுங்காலம் சென்றது. அக்காலத்து மின்கோப்புகள் பல இன்று திறக்க இயலாதனவாகிவிட, அச்சுப்படியே எஞ்சிய சான்றாக நிற்கிறது.

தேவைக்கேற்ப ஒரு படி இரு படியாக அச்சிடும் இன்றைய மைத்தெளிப்பு முறையும் குறையற்றதன்று. நிலையாக நிறுத்திய தெளிப்புத் தலையின் நுண்துளை ஒன்று அடைபட்டால், தாள் நகரும் திசையில் மெல்லிய வெண்கோடு ஒன்று நேராக ஓடும். வரி ஓடும் திசையும் தாள் நகரும் திசையும் ஒன்றாக அமைந்து, அக்கோடு எழுத்துகளின் தலைமட்டத்தில் விழுந்தால், ஒரு வரியின் புள்ளிகள் அனைத்தும் ஒருங்கே மறையக் கூடும். தேய்ந்த ஈயப் புள்ளியால் நேர்ந்த மலர், மலர என்னும் மயக்கம் இங்கே வேறொரு காரணத்தால் மீள்கிறது. காரணத்தை அடையாளம் காட்டுவது மீண்டும் குறையின் பரவலே: ஓரெழுத்தில் மட்டும் காணப்படின் எழுத்தின் குறை, ஒரு வரி முழுவதும் ஒரே மட்டத்தில் காணப்படின் பொறியின் குறை.

8. நூலகங்களும் பதிப்பாசிரியர்களும் செய்யத்தக்கவை

மேற்கண்டவற்றிலிருந்து நான்கு பரிந்துரைகள் எழுகின்றன.

ஒன்று: பழந்தமிழ் அச்சு நூல்களை மின்படிமமாக்கும்போது கருப்பும் வெள்ளையும் மட்டுமாகப் பிரிக்கும் முறையைத் தவிர்க்க வேண்டும். அம்முறை வெளிறிய புள்ளியை வெற்றிடமாகவும், ஊடுருவிய மறுபக்கத்து மையை எழுத்தாகவும் தீர்மானித்துவிடுகிறது. எண்ணெய் வளையம், எதிர்ப்பதிவு ஆகிய சான்றுகளும் அதில் அழிகின்றன. வண்ணப்படிமமே மூலப்படிமமாகப் பேணப்பட வேண்டும். வாசிப்பு வசதிக்காகத் துலக்கிய படிமம் வேண்டுமாயின் அதனைத் தனியே ஆக்கிக்கொள்ளலாம்.

இரண்டு: ஒரு நூலின் ஒரு படியைப் படிமமாக்கியதும் மற்றப் படிகள் தேவையற்றன எனக் கழித்தல் கூடாது. மெய்ப்புக்குப் பின் பிறந்த பிழையையும் மைக்குறையையும் பிரித்தறிய இரண்டாம் படியே கருவி.

மூன்று: எழுத்துணரி மென்பொருள்களின் விளைவைப் பாடமாகக் கொள்ளுமுன், ர–கால், எ–ஏ, ஒ–ஓ, ண–ன, ப–ய, புள்ளியுண்மை–இன்மை ஆகிய இடங்களைத் தனியே பட்டியலிட்டு மனிதக் கண்ணால் சரிபார்க்க வேண்டும். சொற்பட்டியலைக் கொண்டு திருத்தும் மென்பொருள், பாவையைப் பிழையென ஒருபோதும் உணராது. பரவையும் பாவையும் அதன் பட்டியலில் ஒருங்கே உள்ளன.

நான்கு: பாடபேதக் குறிப்பில் மூலச்சுவடி வேறுபாடு, கோப்புப் பிழை, பதிவுக் குறை என்னும் மூன்றையும் வேறுவேறு குறியால் காட்ட வேண்டும். ஐயமுள்ள இடத்தில் எந்த நூலகத்து எந்தப் படி பார்க்கப்பட்டது என்பதையும் குறித்தல் வேண்டும்.

9. முடிவுரை

கொல்லத்தில் ஓராண்டுக்குள் எழுத்தை மீண்டும் செய்தவர்களும், தரங்கம்பாடியில் தாளுக்காக எழுத்தைச் சுருக்கியவர்களும், சென்னையில் சுழியை விரித்துச் சிற்றெழுத்தை வாசிக்கச் செய்தவர்களும் ஒரே சிக்கலின் வெவ்வேறு கட்டங்களில் நின்றனர். தமிழ் எழுத்தின் வளைவையும் சுழியையும் புள்ளியையும் மைக்குள் மூழ்கவிடாமல் தாளில் நிறுத்துவதே அச்சிக்கல். அவர்கள் தீர்த்தவையும் தீர்க்க இயலாது விட்டவையும் நம் கையிலுள்ள பக்கங்களில் பதிந்துள்ளன.

தாயகத்துக்கு வெளியே தமிழாய்வு வளரும் ரொறன்ரோ போன்ற நகரங்களில், மூலநூலைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு குறைவு. படிமத்தை நம்பும் தேவை மிகுதி. ஆகவே படிமமாக்கும் ஒவ்வொரு முடிவும் பாடத்தைப் பற்றிய முடிவாகிறது. எரிந்த நூல்களை மீட்க இயலாது. எஞ்சிய ஒரு படியில் மங்கிக் கிடக்கும் புள்ளியை, துலக்குதல் என்னும் பெயரால் நாமே அழித்துவிடாதிருத்தல் இயலும். அச்சாளர் தம் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் குறையின் மூலத்தைத் தேடியதுபோல், பதிப்பாசிரியரும் நூலகரும் பாடத்தைத் துணியுமுன் மையையும் தாளையும் ஒருமுறை நோக்குவது தமிழ்ப் பதிப்பு மரபுக்குப் பயன் தரும்.